போர்டுல ஒரு வரி காலியா இருக்கு

உங்க பிளாக் படிக்கட்டுல "புகை பிடிக்காதீர்" போர்டு இருக்கா? நாளைக்கு லேபுக்கு ஏறும்போது ஒரு நிமிஷம் நின்னு பாருங்க.

எங்க மூணாவது மாடியில ஒண்ணு இருக்கு. அதுக்குக் கீழேயே தினமும் சிகரெட் துண்டு கிடக்கும். என் லேப் பார்ட்னருக்கு வீசிங். அந்த இடம் வந்தா கர்சீஃபை மூக்குல வெச்சுக்கிட்டு வேகமா ஏறுவான், மேல போனதும் இன்ஹேலர் எடுப்பான். பிடிக்கிறவங்களும் நம்ம பசங்கதானே, அதனால மூணு வருஷமா நானும் எதுவும் கேட்கல.

சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம். 2003-ல வந்த கோட்பா சட்டத்தின் 4-வது பிரிவு பொது இடங்களில் புகைபிடிக்கத் தடை விதிக்கிறது. கல்வி நிறுவனங்களும் அதில் அடங்கும். அபராதம் 200 ரூபாய் வரை. இதுவரைக்கும் நிறைய பேருக்குத் தெரியும். 2008 அக்டோபர் 2 முதல் அமலுக்கு வந்த விதிகளைத்தான் நாம படிக்கிறதில்ல. அதுல முக்கியமானவை:

1. போர்டு குறைந்தது 60 செ.மீ.க்கு 30 செ.மீ. இருக்கணும். நுழைவாயிலில் மட்டுமல்ல, ஒவ்வொரு மாடியிலும், படிக்கட்டிலும் வேணும்.

2. ஆஷ்ட்ரே, தீப்பெட்டி, லைட்டர் எதையும் அங்கே தரக்கூடாது.

3. யாரிடம் புகார் சொல்லணுமோ அவர் பெயரை எல்லாரும் பார்க்கிற மாதிரி எழுதி வைக்கணும்.

4. புகார் வந்தும் நடவடிக்கை எடுக்கலைன்னா, அந்த இடத்தின் பொறுப்பாளருக்கே அபராதம். எத்தனை குற்றம் நடந்ததோ அந்தக் கணக்கில்.

இப்போ 3-ஐயும் 4-ஐயும் சேர்த்துப் பாருங்க. பெயர் இல்லைன்னா யார்கிட்ட சொல்றது? யாரும் சொல்லலைன்னா பொறுப்பாளரை யாரும் கேட்கவும் முடியாது. சர்க்யூட்ல ஒரு வயர் விட்டுப்போன மாதிரி, மத்ததெல்லாம் சரியா இருந்தும் பல்பு எரியாது.

நான் ஸ்கேல் வெச்சு அளந்தேன். எங்க போர்டு அளவு சரிதான். "புகார் செய்ய வேண்டியவர்" வரி மட்டும் காலி.

போன வாரம் துறைத் தலைவர்கிட்ட போய்ச் சொன்னேன். யார் பேரையும் கொடுக்கல, அந்த வரியை நிரப்புங்க சார்னு மட்டும் கேட்டேன். இப்போ அங்கே மார்க்கர்ல ஒரு பெயரும் நம்பரும் இருக்கு. துண்டு இன்னும் கிடக்குது. ஆனா அடுத்த தடவை பார்த்தா யாருக்குப் போன் பண்ணணும்னு எனக்குத் தெரியும்.

உங்க பிளாக்ல அந்த வரி எப்படி இருக்கு? காலியா இருந்தா போய்க் கேளுங்க.