யூதக் குடும்பப் பெயர்கள்: பிறப்பும் பொருளும்

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில் புசல்லாவை என்னும் சிறு நகரம் இருக்கிறது. அதன் அருகே ‘ரொத்சைல்ட்’ என்ற பெயரில் ஒரு தேயிலைத் தோட்டம் உண்டு. 1840களில் அங்கே காணி வாங்கிக் கோப்பி பயிரிட்டவர்கள் டி வோர்ம்ஸ் என்னும் யூத சகோதரர்கள். ஐரோப்பாவின் புகழ்பெற்ற வங்கிக் குடும்பமான ரொத்சைல்ட் குடும்பம் அவர்களுடைய தாய்வீடு. தாய்வீட்டின் பெயரையே தோட்டத்துக்கும் வைத்தார்கள்.

ஆங்கிலேயர் உச்சரிக்கும்போது இப்பெயர் ‘ரொத்தின் பிள்ளை’ என்பதுபோல் ஒலிக்கும். உண்மையில் இது ஜேர்மன் சொல்; ‘ரோட்’ என்றால் சிவப்பு, ‘ஷில்ட்’ என்றால் கேடயம். பிராங்பேர்ட் நகரில் யூதர்கள் ஒரே தெருவுக்குள் அடைத்து வைக்கப்பட்டிருந்த காலத்தில் வீடுகளுக்கு இலக்கம் இருக்கவில்லை. வாசலில் மாட்டிய அடையாளமே வீட்டின் முகவரி. சிவப்புக் கேடயம் மாட்டிய வீட்டில் 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த குடும்பம், பின்னர் வேறு வீட்டுக்கு மாறிய போதும் பழைய வீட்டின் பெயரை விடவில்லை. ‘வோர்ம்ஸ்’ என்பதும் ஜேர்மனியில் உள்ள ஒரு பழைய ஊரின் பெயர்தான். நமது மலைநாட்டுத் தோட்டமொன்றின் கதைக்குள் தூரத்து வீடு ஒன்றும் ஊர் ஒன்றும் இப்படி ஒளிந்திருக்கின்றன.

குடும்பப் பெயர் என்பது ஒரு குடும்பத்தின் மிகச் சுருக்கமான வரலாறு. யூதர்களின் பெயர்களில் இந்த உண்மையைத் தெளிவாகக் காணலாம்.

தந்தையின் பெயரே போதுமாயிருந்த காலம்

பண்டைக் காலத்தில் யூதர்களுக்கு நிலையான குடும்பப் பெயர் இருக்கவில்லை. ஒருவரின் பெயர், அதன் பின் தந்தையின் பெயர், அவ்வளவுதான். ஹீப்ரு மொழியில் ஆணுக்கு ‘பென்’, பெண்ணுக்கு ‘பத்’ என்ற சொல் இடையில் வரும். அறபு மொழியின் ‘இப்னு’, ‘பின்த்’ என்பவற்றுக்கு இவை உடன்பிறப்புக்கள். ஹீப்ருவும் அறபும் ஒரே மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால் இந்த ஒற்றுமை.

அறபுப் பண்பாட்டுக்குள் வாழ்ந்த யூதர்கள் ‘இப்னு’ என்பதையே பயன்படுத்தினார்கள். 1138இல் கொர்டோபாவில் பிறந்து, எகிப்தில் ஸலாஹுத்தீன் ஐயூபியின் அரசவையில் மருத்துவராகப் பணியாற்றிய யூத அறிஞரை வரலாறு மூஸா இப்னு மைமூன் என்றே குறிப்பிடுகிறது. வாப்பாவின் பெயரின் முதலெழுத்தை நமது பெயருக்கு முன்னால் இட்டு எழுதும் நமக்கு இம்முறை அந்நியமானதல்ல.

இம்முறையில் ஒவ்வொரு தலைமுறைக்கும் பின்பெயர் மாறும். ஊருக்குள் ஒருவரை ஒருவர் அறிந்திருந்தவரை அதனால் குறை ஏதும் வரவில்லை. குறை கண்டவர்கள் அரசர்கள்.

அரசாங்கம் கேட்ட பெயர்

வரி அறவிடவும், படைக்கு ஆள் சேர்க்கவும், பிறப்பு, இறப்பு, திருமணங்களைப் பதியவும் அரசாங்கத்துக்கு மாறாத பெயர் தேவைப்பட்டது. ஒஸ்திரியப் பேரரசர் இரண்டாம் ஜோசப் 1787இல் ஒரு கட்டளை பிறப்பித்தார். 1788 ஜனவரி 1 முதல் தம் ஆட்சிக்குட்பட்ட யூதர் ஒவ்வொருவருக்கும் நிலையான ஜேர்மன் பெயர் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். ரஷ்யா 1804இலும் பிரான்ஸ் 1808இலும் பிரஷ்யா 1812இலும் இதே வழியில் சென்றன. நெப்போலியனின் 1808ஆம் ஆண்டுக் கட்டளை, வேதநூற் பெயர்களையும் நகரப் பெயர்களையும் புதிதாகக் குடும்பப் பெயராக எடுக்கக் கூடாது என்றும் தடுத்தது.

ஆக, ஐரோப்பிய யூதர்கள் பலரின் குடும்பப் பெயர் சுமார் 200 ஆண்டுகள் பழைமையானதே. அதை அவர்கள் விரும்பிக் கேட்கவில்லை. அரசாங்கத்தின் பதிவேட்டில் ஒரு பெயரும், தொழுகைக் கூடத்திலும் கல்லறைக் கல்லிலும் ‘இன்னாரின் மகன் இன்னார்’ என்ற பழைய பெயருமாக இரண்டையும் சுமந்தார்கள். இன்றும் தொழுகைக் கூடத்தில் வேதம் ஓத ஒருவரை அழைக்கும்போது தந்தையின் பெயர் சேர்த்தே அழைக்கிறார்கள்.

கட்டளை அரசனுடையது. ஆனால் பெயருக்குள் எதை வைப்பது என்பதைப் பல குடும்பங்கள் தாமே தீர்மானித்தன. அவை எவற்றையெல்லாம் வைத்தன என்று பார்ப்போம்.

1. வம்சம்

‘கோஹென்’ என்றால் மதகுரு. நபி மூஸா (அலை) அவர்களின் சகோதரர் நபி ஹாரூன் (அலை) அவர்களின் வழிவந்தோர் என்று கருதப்படுவோர் இப்பெயரைத் தரித்தனர். அறபு மொழியில் ‘காஹின்’ என்பது குறிசொல்பவரைக் குறிக்கும். சொல்லின் வேர் ஒன்றாக இருந்தாலும் பொருள் வேறு என்பதைக் கவனிக்க வேண்டும். கோன், கான் எனப் பல வடிவங்கள் இதற்கு உண்டு. ரஷ்ய மொழியில் ‘ஹ’ ஒலி இல்லாததால் அங்கே அது ககான், கோகன் என்று மாறியது. ‘லெவி’ என்போர் அதே கோத்திரத்தின் ஏனைய கிளையினர்.

‘கட்ஸ்’ என்ற பெயரைக் கேட்கும் ஜேர்மானியருக்குப் பூனை நினைவுக்கு வரும். உண்மையில் அது ‘நீதியுள்ள மதகுரு’ என்று பொருள்படும் ‘கோஹென் ட்ஸெடெக்’ என்ற இரு சொற்களின் முதலெழுத்துச் சுருக்கம்.

2. ஊர்

ஷபிரோ என்ற பெயர் ஜேர்மனியின் ஷ்பயர் நகரிலிருந்தும், ஹொரோவிட்ஸ் பொஹீமியாவின் ஹொர்ஷோவிட்ஸே என்ற ஊரிலிருந்தும் வந்தவை. 1492இல் ஸ்பெயினிலிருந்து யூதர்கள் வெளியேற்றப்பட்டபோது, டொலேடோ நகரின் பெயர் ‘டொலேடானோ’ என்ற குடும்பப் பெயராக மொரோக்கோவரை சென்றது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. வார்சோவில் வாழ்பவரை யாரும் ‘வார்சோக்காரர்’ என்று அழைப்பதில்லை. அவர் வேறு ஊருக்குப் போன பின்னர்தான் அப்படி அழைப்பார்கள். எனவே ஊர்ப்பெயரைத் தாங்கிய குடும்பப் பெயர் பெரும்பாலும் பிரிந்து வந்த ஊரின் நினைவாகும்.

3. தொழில்

தையற்காரர் என்ற ஒரு தொழிலை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஜேர்மன் மொழியில் ஷ்னைடர், ரஷ்ய மொழியில் போர்ட்னோய், உக்ரேனிய மொழியில் கிராவெட்ஸ், ஹங்கேரியில் ஸாபோ, ஹீப்ருவில் ஹயாட். இவை எல்லாமே யூதக் குடும்பப் பெயர்களாக உள்ளன. கடைசிப் பெயர் அறபு மொழியின் ‘கையாத்’ என்பதன் இனச் சொல். ஒரே ஊசியும் நூலும் எத்தனை நாடுகளில் ஒரு சமூகத்துக்குச் சோறு போட்டிருக்கின்றன என்பதை இந்தப் பெயர்களே சொல்லிவிடும்.

மதம் சார்ந்த தொழில்களும் உண்டு. ‘ஸோபர்’ வேதச் சுருளைக் கையால் எழுதுபவர். ‘மெலமெட்’ சிறுவர்களுக்கு ஓதிக் கொடுப்பவர். ‘ரெஸ்னிக்’ மார்க்க முறைப்படி பிராணிகளை அறுப்பவர். அறபு நாடுகளின் யூதர்களிடம் ஹத்தாத் (கொல்லர்), நஜ்ஜார் (தச்சர்), அத்தார் (வாசனைத் திரவியம் விற்பவர்) போன்ற பெயர்களைக் காணலாம். இவற்றை முஸ்லிம்களும் அறபுக் கிறிஸ்தவர்களும் கூடத் தரித்திருக்கிறார்கள். தொழில் ஒன்றென்றால் பெயரும் ஒன்று. மதத்தை அது பார்ப்பதில்லை.

4. தாயின் பெயர்

மாணவியராகிய நாம் சற்று நின்று பார்க்க வேண்டிய வகை இது. கிழக்கு ஐரோப்பிய யூதர்களிடம், குறிப்பாக இன்றைய பெலாரஸின் கிழக்குப் பகுதியில், பெண்ணின் பெயரிலிருந்து பிறந்த குடும்பப் பெயர்கள் ஏராளம். ரிவ்காவிலிருந்து ரிவ்கின், ஸாராவிலிருந்து ஸோர்கின், மல்காவிலிருந்து மல்கின், துவோராவிலிருந்து துவோர்கின், எஸ்தரிலிருந்து எஸ்ட்ரின். ‘பேர்ல்மன்’ என்பது முத்து என்று பொருள்படும் ‘பேர்ல்’ என்ற பெண்ணின் கணவரைக் குறிக்க எழுந்த பெயர்.

காரணம் என்ன? கணவர் வேதநூற் கல்வியில் மூழ்கியிருக்க, மனைவி கடை நடத்திக் குடும்பத்தைத் தாங்கிய வீடுகள் அங்கே பல. சந்தையில் எல்லோருக்கும் தெரிந்த முகம் அவளுடையதே. பதிவு எழுதுபவர் வந்து நின்றபோது, ஊரார் அந்த வீட்டுக்குச் சொன்ன அடையாளமும் அவள் பெயராக இருந்தது. கிழக்கிலங்கையில் ‘குடி’ தாய்வழியாக வருவதை அறிந்தவர்களுக்கு இது வியப்பைத் தராது.

1978இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற ஐஸக் பஷெவிஸ் ஸிங்கர் யிட்டிஷ் மொழியில் எழுதியவர். அது கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் வீட்டில் பேசிய மொழி. அவருடைய அண்ணனும் அதே குடும்பப் பெயரோடு எழுத்தாளராக விளங்கினார். தம்மைப் பிரித்துக் காட்டத் தம்பி இடையில் சேர்த்த ‘பஷெவிஸ்’, அவருடைய தாயாரின் பெயராகும்.

5. விலங்கு

யூதர்களின் வேதநூலில் நபி யஃகூப் (அலை) அவர்கள் தம் புதல்வர்களுக்குக் கூறும் வாழ்த்தில், யஹூதா சிங்கத்துக்கும் புன்யாமீன் ஓநாய்க்கும் நப்தலி மானுக்கும் உவமிக்கப்படுகிறார்கள். இதனால் யஹூதா என்ற பெயருடையவரை வீட்டில் ‘லைப்’ (சிங்கம்) என்றும், புன்யாமீனை ‘வுல்ப்’ (ஓநாய்) என்றும், நப்தலியை ‘ஹிர்ஷ்’ (மான்) என்றும் அழைத்தார்கள். இந்தச் செல்லப் பெயர்கள் பின்னர் குடும்பப் பெயர்களாயின.

அம்பாந்தோட்டையில் 1908 முதல் 1911 வரை உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனார்ட் வுல்பை இலங்கை வரலாறு படித்தவர்கள் அறிவார்கள். நமது தென்பகுதிக் காட்டுக் கிராமமொன்றைப் பற்றி 1913இல் நாவல் வெளியிட்ட அவர் லண்டன் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய குடும்பப் பெயரும் ஓநாயைக் குறிக்கும் அதே சொல்தான்.

6. அழகுப் பெயர்கள்

அரச கட்டளைக்காகவே புதிதாக இணைத்துச் செய்த பெயர்களும் உண்டு. கோல்ட் (பொன்), ஸில்பர் (வெள்ளி), ரோஸன் (ரோஜா), புளூமன் (பூக்கள்) என்பவற்றோடு பெர்க் (மலை), ஷ்டைன் (கல்), பவ்ம் (மரம்), தால் (பள்ளத்தாக்கு) என்பவற்றைச் சேர்த்தால் ரோஸன்பெர்க், கோல்ட்ஷ்டைன், புளூமன்தால் என நீண்டுகொண்டே போகும்.

திருத்திக்கொள்ள வேண்டிய இரண்டு கதைகள்

காசு கொடுத்தவருக்கு ரோஜாவும் பொன்னும், கொடுக்காதவருக்கு இழிபெயரும் என அதிகாரிகள் பெயர்களை விற்றார்கள் என்பது ஒரு கதை. இழிவான பெயர்கள் சில இருந்தது உண்மை. ஆனால் பதிவேடுகளை ஆராய்ந்தவர்கள் அவை சிறுபான்மையே என்று கண்டிருக்கிறார்கள்.

அமெரிக்காவின் எல்லிஸ் தீவில் குடிவரவு அதிகாரிகள் யூதர்களின் பெயர்களை வெட்டிக் குறைத்தார்கள் என்பது மற்றொரு கதை. அங்கிருந்த அதிகாரிகள் புதிதாகப் பெயர் எழுதவில்லை; கப்பல் புறப்பட்ட துறைமுகத்தில் தயாரான பட்டியலையே சரிபார்த்தார்கள். பெயரை மாற்றியவர்கள் பெரும்பாலும் குடியேறியவர்களே. ஷ்னைடர் என்ற பெயரோடு வேலை தேடுவதைவிட டெய்லர் என்ற பெயரோடு தேடுவது அவர்களுக்கு இலகுவாயிருந்தது.

பெயரே குற்றமான காலம்

அரசாங்கம் எண்ணிப் பார்க்கக் கேட்ட பெயர், பின்னொரு நாளில் ஆளைப் பிடிக்கும் கயிறாகவும் ஆனது. ஹிட்லரின் அரசு 1938 ஆகஸ்ட் மாதம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. யூதர் என்று அடையாளம் காணக்கூடிய முதற்பெயர் இல்லாதவர்கள், 1939 ஜனவரி முதல் ஆணாயின் ‘இஸ்ரேல்’ என்றும் பெண்ணாயின் ‘ஸாரா’ என்றும் தம் பெயரோடு சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றது அச்சட்டம். நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் துணைவியாரின் பெயர் அது. நமது வகுப்பறைகளில் எத்தனை ஸாராக்கள் இருக்கிறார்கள்! அன்போடு வைக்கும் அந்தப் பெயரை ஒரு முத்திரையாகக் குத்தினார்கள். பின்னர் அவுஷ்விட்ஸ் முகாமில் பெயரும் போய், கையில் பச்சை குத்திய இலக்கம் மட்டும் மிஞ்சியது.

இதே காலத்தில் ஒரு முரணையும் காண்கிறோம். நாஸிகளின் கொள்கையை எழுதியவர்களில் முக்கியமான ஒருவரின் பெயர் அல்பிரட் ரோஸன்பெர்க். அவர் யூதர் அல்லர். ரோஸன்பெர்க் என்ற பெயர் ஜேர்மன் கிறிஸ்தவர்களுக்கும் உண்டு. பெயரைக் கொண்டு மனிதனை அறிந்துவிட்டோம் என்று நினைப்பது எவ்வளவு பெரிய பிழை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இன்று ஜேர்மனியின் நடைபாதைகளில், கொல்லப்பட்டவர்கள் கடைசியாக வாழ்ந்த வீடுகளின் வாசலில், உள்ளங்கையளவு பித்தளைத் தகடுகள் பதிக்கப்பட்டுள்ளன. அவற்றில் இலக்கங்களுக்குப் பதிலாகப் பெயர்கள் திரும்பியிருக்கின்றன. ஒருவர் குனிந்துதான் அவற்றைப் படிக்க முடியும்.

நாம் கற்பது

செய்திகளில் கோஹென், லெவி, கட்ஸ் என்ற பெயர்களை நாம் அடிக்கடி கேட்கிறோம். பலஸ்தீனத்தில் நடப்பவற்றால் நம் மனம் நோகும் நேரங்களில்தான் அதிகமும் கேட்கிறோம். அநீதியை அநீதி என்று சொல்வது நமது கடமை. ஆனால் அநீதி செய்தவரை அவரது செயலால் அறிய வேண்டும், பெயரால் அல்ல. ஒரு பெயர், அந்தக் குடும்பம் எந்த ஊரை விட்டு வந்தது, எந்த ஊசியால் பிழைத்தது, எந்தத் தாயின் உழைப்பில் வளர்ந்தது என்பதைச் சொல்லும். அதைத் தாங்கி நிற்பவர் நல்லவரா, கெட்டவரா என்பதை அது சொல்லாது. நமது பெயர்களைப் பார்த்து நம்மைப் பற்றி முடிவுகட்டுபவர்களிடம் நாம் எதிர்பார்க்கும் நீதியும் இதுதானே.

மாணவியரே, இன்றிரவு உம்மம்மாவிடமோ மூத்த வாப்பாவிடமோ கேட்டுப் பாருங்கள்: நம் வீட்டுப் பெயர் எங்கிருந்து வந்தது? மரைக்கார், லெப்பை என்பவை நம் குடும்பத்தில் யாருக்கு, எதனால் வழங்கின? அவர்கள் சொல்வதை ஒரு கொப்பியில் எழுதி, கேட்ட திகதியையும் குறித்து வையுங்கள். பெற்றோரும் உடனிருந்து, விடுபட்டதைச் சொல்லிக் கொடுங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.