பழைய டிராவல் டிரெய்லர் வாங்கிப் புதுப்பிக்க: பயனுள்ள குறிப்புகள்

அமெரிக்காவின் கிராமப்புறச் சாலைகளில் போனால், ஏதாவது ஒரு பண்ணைக் கொட்டகையின் ஓரத்தில் சக்கரம் பாதி மண்ணில் புதைந்த சின்னஞ்சிறு அலுமினிய வீடு ஒன்று நிற்பதைப் பார்க்கலாம். 1950, 60களில் குடும்பத்தோடு ஊர் சுற்றுவதற்காகக் காரின் பின்னால் மாட்டி இழுத்துப்போன டிராவல் டிரெய்லர் அது. அங்கே வசிக்கும் உங்களுக்கு அப்படி ஒன்றை வாங்கிச் சீர்படுத்தும் ஆசை இருந்தால், முதலில் பார்க்க வேண்டியது ஈரம். இந்த வண்டிகளை அழிப்பது பெரும்பாலும் மழைத்தண்ணீர்தான். வாங்கும்போதும் பழுது பார்க்கும்போதும் பூட்டி வைக்கும்போதும் அதையே நினைவில் வையுங்கள். கீழே உள்ள குறிப்புகளில் பல அதைப் பற்றியவைதான்.

1. எந்த வகை வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். மரச்சட்டம் அடித்து, மேலே மெல்லிய அலுமினியத் தகடு போர்த்தியவை ஒரு வகை. பின்பக்கம் இரண்டு இறக்கைகளோடு வரும் ஷாஸ்டா, பென்சில்வேனியாவில் பிறந்த ஸ்காட்டி எல்லாம் இதில் சேரும். தச்சுவேலை தெரிந்தவருக்கு இது ஏற்றது. விமானம் போல ரிவெட் அடித்த அலுமினியக் கூடு இரண்டாவது வகை: வாலி பையம் உருவாக்கிய ஏர்ஸ்ட்ரீம், ஓக்லஹோமாவின் டல்சாவில் விமானம் செய்துகொண்டிருந்த ஸ்பார்ட்டன் கம்பெனி போருக்குப் பிறகு செய்த டிரெய்லர்கள். கனடாவின் வின்னிபெக்கில் 1968இல் தொடங்கிய போலர் போன்ற ஃபைபர்கிளாஸ் டிரெய்லர்கள் மூன்றாவது வகை. முதல் முறை வாங்குபவருக்கு நான் சொல்வது ஃபைபர்கிளாஸ்தான். மேல் ஓடு இரண்டே துண்டாக இருப்பதால் ஒழுகும் இடங்கள் குறைவு.

2. வாங்குவதற்கு முன் புதுப்பித்த வண்டிகள் சிலவற்றின் உள்ளே போய்ப் பாருங்கள். 1919இல் ஃபுளோரிடாவின் டாம்பாவில் தொடங்கிய டின் கேன் டூரிஸ்ட்ஸ் என்ற சங்கத்தார் இன்றும் கூடுகிறார்கள். கூட்டத்துக்கு வருபவர்கள் வண்டியைத் திறந்து காட்டுவார்கள், கேட்டால் மணிக்கணக்கில் விளக்குவார்கள். 13 அடி வண்டியில் நால்வர் படுத்தால் எப்படியிருக்கும் என்பதைப் படம் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

3. முடிந்தால் மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள்.

4. கையில் ஒரு டார்ச், ஒரு குத்தூசி, பழைய துணி ஒன்று. விற்பவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, மறைவான இடங்களில் மரத்தைக் குத்திப் பாருங்கள். நல்ல மரம் ஊசியைத் தடுக்கும். இற்றுப்போன மரத்தில் ஊசி சத்தமில்லாமல் இறங்கும். பார்க்க வேண்டிய இடங்கள்: வண்டியின் நான்கு கீழ் மூலைகள், முன் ஜன்னலுக்குக் கீழே, கூரைக் காற்றுத்துளையைச் சுற்றி, கூரையோரம் உள்ள சின்னச் சிவப்பு விளக்குகளுக்கு நேர் கீழே, சக்கர மேடையைச் சுற்றி, கட்டிலுக்கு அடியில். தண்ணீர் கூரையில் நுழைந்தாலும் அழுகல் தொடங்குவது அடிச்சட்டத்தில்தான். அதனால் மேலே பளபளப்பாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது. உட்சுவர்ப் பலகையில் பழுப்பு வளையங்கள், அலை அலையாக எழும்பிய ப்ளைவுட், கால் வைத்தால் அமுங்கும் தரை ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் அந்தப் பக்கத்தின் சட்டத்தையே மாற்ற வேண்டிவரும் என்று கணக்குப் போட்டு விலை பேசுங்கள். இரண்டு மூலைகள் இற்றிருந்தால் வாங்கலாம். நான்கும் போயிருந்தால், அளவெடுத்துப் புதிதாக ஒன்று கட்டும் வேலைதான் அது.

5. கதவைத் திறந்ததும் வரும் வாசனை நிறைய சொல்லும். பூஞ்சண நாற்றம் என்றால் ஓதம் இன்னும் உள்ளே இருக்கிறது. ஊதுபத்தி, வாசனைத் தெளிப்பான் மணம் அடித்தாலும் நின்று யோசியுங்கள். விற்பதற்கு முந்திய வாரம் அடித்த வெள்ளை பெயின்ட்டும் அப்படித்தான்.

6. ஏர்ஸ்ட்ரீமில் பின்பக்க பம்பர்மேல் ஏறி நின்று மெல்லக் குதியுங்கள். ஒருவர் பக்கத்தில் நின்று, கூட்டுக்கும் அடியிலுள்ள இரும்புச் சட்டத்துக்கும் நடுவே பார்க்க வேண்டும். பம்பர் மட்டும் இறங்கி, கூடு அப்படியே நின்றால், பின்புறத் தரை ப்ளைவுட் இற்றுப்போய், சட்டம் கூட்டிலிருந்து பிரிந்துவிட்டது என்று அர்த்தம். இந்த வண்டிகளின் பெயர்பெற்ற குறை இது. சரிசெய்யலாம், ஆனால் பெரிய வேலை.

7. காகிதங்கள். வண்டி எண் பெரும்பாலும் முன்பக்க முக்கோண இரும்புச் சட்டத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். கம்பித் தூரிகையால் துருவை நீக்கி, டைட்டில் பத்திரத்தில் உள்ள எண்ணோடு ஒவ்வோர் எழுத்தாக ஒத்துப் பாருங்கள். பழைய டிரெய்லருக்கு டைட்டில் தேவையா என்பதில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. பணம் கொடுப்பதற்கு முன்பே உங்கள் மாநில மோட்டார் வாகன அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

8. உங்கள் கார் எவ்வளவு எடை இழுக்கும் என்பது காரின் கையேட்டில் இருக்கும். டிரெய்லரின் காலி எடையோடு தண்ணீர், கேஸ், பாத்திரம், படுக்கை எல்லாவற்றையும் கூட்டிக்கொள்ளுங்கள். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இழுவைக் கொக்கியின்மேல் இறங்க வேண்டும். அதற்குக் குறைந்தால் வேகம் பிடித்ததும் டிரெய்லர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். கனமான சாமான்களை அச்சுக்குச் சற்று முன்னால், தரையோடு வையுங்கள். லூசில் பால் நடித்து 1954இல் வந்த 'தி லாங், லாங் டிரெய்லர்' படத்தில் அவர் வழியெல்லாம் கற்களைப் பொறுக்கி வண்டிக்குள் சேர்த்துக்கொண்டே போவார். மலைப்பாதையில் அதன் விளைவைப் பார்த்தவர்களுக்கு எடைக் கணக்கு மறக்காது. லாரிகள் நிற்கும் பெரிய எரிபொருள் நிலையங்களில் எடைமேடை இருக்கும், சாமான் ஏற்றிய வண்டியை ஒருமுறை அங்கே நிறுத்திப் பாருங்கள்.

9. கொக்கிக் குண்டின் அளவை ஒத்துப் பார்க்காமல் மாட்டாதீர்கள். டிரெய்லரின் 2 அங்குலக் கப்பில் 1⅞ அங்குலக் குண்டு பொருந்தியதுபோலவே இருக்கும். முதல் மேட்டில் கழன்றுவிடும். பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும் கொக்கிக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள்.

10. வாங்கிய இடத்திலிருந்து அப்படியே ஓட்டிவர வேண்டாம். டயரின் பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் எண்வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். மூன்றே இலக்கம் என்றால் 2000க்கு முந்தியது. ஐந்தாறு ஆண்டு தாண்டிய டயர், பள்ளங்கள் தேயாமல் இருந்தாலும் வெடிக்கலாம். டிரெய்லருக்கென்றே வரும் எஸ்டி வகை டயரை மாட்டிக் கொண்டுவாருங்கள். இல்லையென்றால் ஃபிளாட்பெட் லாரியில் ஏற்றிவிடுங்கள், அந்தச் செலவுக்கு வருத்தப்படத் தேவையில்லை.

11. எலிப் புழுக்கை இருந்தால் துடைப்பத்தைத் தொடாதீர்கள். காய்ந்த தூசி மூச்சில் போனால் ஹன்டா வைரஸ் தொற்றலாம். மேற்கு மாநிலங்களில் இது உண்மையான அபாயம். கதவு ஜன்னலைத் திறந்து அரைமணி நேரம் காற்றாடவிட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தெளித்து ஊறவைத்து, கையுறை போட்டுக்கொண்டு ஈரத்தாளால் துடைத்தெடுங்கள்.

12. பழைய பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்க்கும் முன் ஈயம் இருக்கிறதா என்று சோதனைப் பட்டையால் பாருங்கள். அமெரிக்க வீடுகளில் ஈய பெயின்ட் 1978இல்தான் தடைசெய்யப்பட்டது. 9 அங்குலச் சதுரத் தரைவில்லைகள் இருந்தால் அவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு. உடைக்காமல், சுரண்டாமல், ஆய்வகத்தில் சோதித்த பிறகு கை வையுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இந்த இரண்டு சோதனைகளையும் தவறவிடவே கூடாது.

13. எதைக் கழற்றினாலும் முதலில் படம் எடுங்கள். ஸ்குருக்களைத் தனித்தனிப் பையில் போட்டு, எந்த ஜன்னல், எந்த மூலை என்று எழுதி ஒட்டுங்கள். இற்றுப்போன பலகையைக்கூட எறிந்துவிடாதீர்கள். அதை வைத்துத்தான் புதுப் பலகையின் வளைவைக் கோடு போட வேண்டும்.

14. மரச்சட்ட வண்டியில் உட்பலகையையும் வெளித்தகட்டையும் ஒரே நேரத்தில் முழுதாகக் கழற்றினால் சட்டம் கோணிப்போகும், கதவு பிறகு மூடாது. ஒரு பக்கமாக எடுத்து, குறுக்குக் கட்டைகளால் முட்டுக்கொடுத்து, அந்தப் பக்கத்தை முடித்த பிறகு அடுத்த பக்கம் போங்கள். உட்சுவருக்கு ⅛ அங்குல பர்ச் ப்ளைவுட்தான் சரி. கால் அங்குலம் உறுதி என்று நினைத்துப் போட்டால் கூரை வளைவுக்கு வளையாது, ஜன்னல் சட்டமும் உட்காராது.

15. வேலை வரிசை: அடி இரும்புச் சட்டம், அச்சு, பிரேக், பிறகு தரை, மரச்சட்டம், ஒயரிங், வெளித்தகடு, கடைசியில் உள் அலங்காரம். திரைச்சீலைத் துணி வாங்கும் ஆசையை அதுவரை அடக்கி வையுங்கள். எடை கூடிய வண்டிக்குத் தனி பிரேக் வேண்டும். பல மாநிலங்களில் 3,000 பவுண்டுக்கு மேல், கலிஃபோர்னியாவில் 1,500 பவுண்டிலிருந்தே அது கட்டாயம்.

16. ஒழுகலை அடைப்பதுதான் மொத்த வேலையின் உயிர். அலுமினிய ஜன்னல், விளக்கு, மூலைப்பட்டி எதுவானாலும் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, பியூட்டைல் டேப் வைத்துத் திரும்பப் பூட்டுங்கள். பிசைந்த மைதா மாவு போல மெத்தென்றிருக்கும் அந்த டேப், ஸ்குருவை முடுக்க முடுக்க இடுக்கெல்லாம் நிறைத்துப் பிதுங்கும். இரண்டு நாள் கழித்து மறுபடி முடுக்கி, பிதுங்கியதை வெட்டியெடுங்கள். சாதாரண சிலிக்கான் வேண்டவே வேண்டாம். சில ஆண்டுகளில் உரியத் தொடங்கும், உரிந்த இடத்தில் வேறெந்தப் பசையும், ஏன், புது சிலிக்கானும்கூட ஒட்டாது. மேல்பூச்சுக்குப் பாலியூரிதேன் வகை நல்லது. முடித்ததும் சோதிக்க எளிய வழி: ஒரு ஜன்னலில் அட்டை வைத்து மூடி, அதன் வழியாக ஊதுவிசிறியால் உள்ளே காற்றை அடைத்து, வெளியே எல்லா இணைப்புகளிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழி வரும் இடத்தில்தான் மழை நுழையும். மழைக்காகக் காத்திருந்து கூரையை அண்ணாந்து பார்ப்பதைவிட இது பலமடங்கு துல்லியம்.

17. பழைய இரண்டு முள் மின்கம்பியை வெட்டி எறியுங்கள். எர்த் இல்லாத வண்டியில் சின்னக் கசிவு ஏற்பட்டாலும் அலுமினிய உடல் முழுதும் மின்சாரம் ஏறும். ஈரப்புல்லில் வெறுங்காலோடு நின்று கதவுப்பிடியைத் தொடுபவரின் உயிருக்கே ஆபத்து. எர்த் கம்பி சட்டத்தோடும் தகட்டோடும் இணைந்திருக்க வேண்டும். டிரெய்லரின் ஃபியூஸ் பெட்டிக்குள் நியூட்ரலும் எர்த்தும் ஒன்றாகச் சேரவே கூடாது. வீட்டு மின்வேலை மட்டும் தெரிந்தவர் இந்த இடத்தில் தவறிவிடுவார், அதனால் டிரெய்லர் வேலை தெரிந்த எலெக்ட்ரீஷியனிடம் கொடுங்கள்.

18. கேஸ் சிலிண்டர் கைப்பிடி முக்கோணமாக இருந்தால், அளவுக்குமேல் நிரம்பாமல் தடுக்கும் வால்வு அதில் இருக்கிறது. வட்டமாகவோ நட்சத்திரமாகவோ இருந்தால் பழையது, மாற்றிவிடுங்கள். ரெகுலேட்டரையும் ரப்பர் குழாயையும் யோசிக்காமல் புதிதாகப் போடுங்கள். 1933 முதல் 1957 வரை வந்த சர்வெல் கேஸ் ஃப்ரிட்ஜ் இருந்தால் அதை எரியவிடாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு பற்றி அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமே எச்சரித்திருக்கிறது. கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் ஓர் இரவுகூட உள்ளே தூங்க வேண்டாம்.

19. தேன்நிறத்தில் மின்னும் பர்ச் உட்சுவரின் அழகுக்குக் காரணம் பெரும்பாலும் ஷெல்லாக், அதாவது நம் ஜார்க்கண்ட் காடுகளில் பூச்சிகள் தரும் அதே அரக்கு. மறைவான ஓரிடத்தில் டீநேச்சர்டு ஆல்கஹால் தொட்டு வையுங்கள். பிசுபிசுத்தால் ஷெல்லாக்தான். அப்படியானால் முழுதும் சுரண்டத் தேவையில்லை. சுத்தம் செய்து மேலே புதுப் பூச்சு கொடுத்தால் பழையதோடு கரைந்து ஒன்றாகிவிடும். இந்த உட்சுவர்மேல் வெள்ளை பெயின்ட் அடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் வலிக்கும். கறுத்த தண்ணீர்க் கறைகளுக்குப் பூச்சை நீக்கிய வெறும் மரத்தில் ஆக்ஸாலிக் ஆசிட் கரைசல் தடவலாம், கையுறை அவசியம்.

20. அலுமினியத்தை இரும்புக் கம்பிநாரால் தேய்க்காதீர்கள். இரும்புத்துகள் ஒட்டிக்கொண்டு அரிப்பை உண்டாக்கும்.

21. முதல் பயணத்தில் 50 மைல் போனதும் நிறுத்தி, சக்கர நட்டுகளை மறுபடி முடுக்குங்கள். பேரிங்குக்கு ஆண்டுக்கு ஒருமுறை புது கிரீஸ்.

22. குளிர்காலத்தில் பூட்டும் முன் குழாய்த் தண்ணீரை முழுக்க வடித்து, இளஞ்சிவப்பு நிற ஆர்வி ஆன்டிஃப்ரீஸை உள்ளே ஓடவிடுங்கள். காரில் ஊற்றும் வகை நஞ்சு, அதைக் குடிதண்ணீர்க் குழாயில் விடக் கூடாது. பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டினால் உள்ளே வேர்த்து மரம் ஊறும். காற்றுப் போகும் துணியுறையோ கூரைக் கொட்டகையோ போதும். முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி நிறுத்தினால் கூரைத் தண்ணீர் தேங்காமல் பின்னால் வடிந்துவிடும்.