சுவரைத் தாண்டும் வைஃபை: சுபாங் ஜெயா வீடுகளுக்குச் சில குறிப்புகள்

2010 மார்ச்சில் மலேசியாவில் யூனிஃபை ஃபைபர் இணையம் தொடங்கியபோது முதலில் கிடைத்த நான்கு வட்டாரங்களில் சுபாங் ஜெயாவும் ஒன்று. இங்குள்ள வரிசை வீடுகளில் வைஃபை அலை சுவரோடு நிற்பதில்லை. பக்கத்து வீட்டுக் கூடத்திலும், கேட்டுக்கு வெளியே நிற்கும் காரிலும் உங்கள் வைஃபையின் பெயர் தெரியும்.

1. ரௌட்டருக்கு இரண்டு மறைச்சொற்கள் உண்டு. வைஃபையில் சேர ஒன்று, ரௌட்டரின் அமைப்புகளைத் திறக்க இன்னொன்று. பலர் முதலாவதை மாற்றிவிட்டு இரண்டாவதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த மறைச்சொற்களில் சுமார் 60ஐ மட்டுமே முயன்று பார்த்து, உலகெங்கும் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரௌட்டர்களையும் பிடித்தது. இன்றே இரண்டையும் மாற்றுங்கள்.

2. கைப்பேசி எண்ணையோ அடையாள அட்டை (ஐசி) எண்ணையோ மறைச்சொல்லாக வைக்கவே வேண்டாம். உங்கள் கைப்பேசி வைஃபையில் சேரும் நொடியில் நடக்கும் பரிமாற்றத்தை ஒருவர் பதிவு செய்துகொண்டால் போதும். பிறகு வீட்டில் உட்கார்ந்தே கணினியை விட்டு ஊகிக்கலாம். நாட்டின் கைப்பேசி எண்கள் முழுவதையும் முயல்வது கணினிக்குச் சில மணி நேர வேலை. ஐசியில் பிறந்த தேதி தெரிந்துவிட்டால் மிச்சம் ஆறு இலக்கம்தான். தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்து வையுங்கள்: முருங்கை, ரயில், குடை, சம்பல் என்பதுபோல. இதையே எடுத்துக்கொள்ளாமல் உங்களுடையதை யோசியுங்கள்.

3. மறைச்சொல்லைத் தட்டாமலே கருவிகளை வைஃபையில் சேர்க்கும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுங்கள். அதன் எட்டு இலக்க எண்ணை ரௌட்டர் இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால் 11,000 முயற்சிக்குள் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011இலேயே வெளிவந்தது.

4. பாதுகாப்பு வகையில் டபிள்யூபிஏ3 இருந்தால் அது, இல்லையேல் டபிள்யூபிஏ2. டபிள்யூஇபி மட்டும்தான் இருக்கிறதென்றால் ரௌட்டரையே மாற்றுங்கள். அந்தப் பூட்டு 2001இலேயே உடைந்துவிட்டது.

5. தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் முறுக்குத் தட்டுக்கு முன்பே பிள்ளைகள் கேட்பது வைஃபை மறைச்சொல்லைத்தான். எங்கள் வீட்டில் பல ஆண்டுகள் ஒரே மறைச்சொல்லை எல்லாருக்கும் கொடுத்தோம். யார் கைப்பேசியில் எல்லாம் அது தங்கியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தபோது எனக்கே கலக்கமாகிவிட்டது. ரௌட்டரில் விருந்தினர் வைஃபையைத் தனியாகத் திறந்து, விழா முடிந்ததும் அதன் மறைச்சொல்லை மாற்றிவிடுங்கள். மலிவான சிசிடிவி, டிவி பாக்ஸ் போன்றவற்றையும் அதிலேயே இணைப்பது நல்லது. வங்கி வேலை செய்யும் கைப்பேசியும் அவையும் ஒரே வலையில் இருக்க வேண்டாம்.

6. வைஃபை பெயரை மறைத்து வைப்பது பாதுகாப்பல்ல. அலையைக் கவனிப்பவருக்கு அது எளிதில் தெரிந்துவிடும்.

7. எஸ்எஸ்15 வட்டாரக் கடைகளில் அமரும் மாணவர்களுக்கு: கடையின் பெயரில் வைஃபை திறக்க யாராலும் முடியும். எது உண்மையானது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். தானாகச் சேரும் வசதியை அணையுங்கள். சேர்வதற்கு ஐசி எண்ணோ வங்கி விவரமோ கேட்டால் உடனே விலகுங்கள். பணம் அனுப்பச் சொந்த டேட்டாவே போதும்.

8. மாதம் ஒருமுறை ரௌட்டரில் இணைந்துள்ள கருவிகளின் பட்டியலைப் பாருங்கள். தெரியாத பெயர் இருந்தால் மறைச்சொல்லை மாற்றுங்கள். ரௌட்டரின் மென்பொருள் புதுப்பிப்பையும் அப்போதே பார்த்துவிடலாம்.

9. மோசடியில் வங்கிப் பணம் போய்விட்டால், வங்கியையோ தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணையோ உடனே அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்குள் தடுக்கத்தான் இந்த அவசரம்.