உடல் நலமும் ஊர் நலமும்

கதிரவன் எழுமுன் வெட்டினால் ரப்பர் மரம் நிறையப் பால் தருகிறது. வெயில் ஏறிய பின் பால் குறைகிறது. அளவு மீறி வெட்டினாலோ பட்டையில் பால் வற்றிவிடுகிறது. உயிருள்ள ஒவ்வொன்றுக்கும் காலமும் அளவும் உண்டு என்பதைப் பால்வெட்டுத் தொழிலாளருக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை.

ஆயுர்வேதத்தின் அடிப்படையும் இதுவே. நிலம், நீர், தீ, காற்று, வெளி ஆகிய ஐம்பூதங்களால் உலகம் அமைந்திருப்பது போலவே நம் உடலும் அமைந்துள்ளது என்று அது கூறுகிறது. வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றும் தத்தம் அளவில் நிற்பது நலம். மிகுவதும் குறைவதும் நோய். ஆதலால் உணவும் உறக்கமும் உழைப்பும் காலத்திற்கேற்ப அமைதல் வேண்டும்.

ஒருவர் தம் உடலை மட்டும் பேணினால் போதுமா? போதாது என்கிறது சரக சம்ஹிதை. உடல்வாகும் உணவும் வேறுபட்ட மக்கள் ஒரே வேளையில் ஒரே நோயால் மடிவது ஏன் என்னும் வினா அந்நூலில் எழுகிறது. காற்று, நீர், நிலம், காலம் ஆகிய நான்கும் அனைவருக்கும் பொது. அவை கெட்டால் ஊரே நோயுறும் என்பது விடை.

இதற்கு நம் கிள்ளானே சான்று. 1901-ஆம் ஆண்டில், இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் போர்ட் சுவெட்டன்ஹாம் திறக்கப்பட்டதும் மலேரியா அங்கே பலரைப் பலிகொண்டது. மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்வதை ரொனால்டு ராஸ் 1897-இல் கண்டறிந்திருந்தார். அதை உணர்ந்த கிள்ளான் மாவட்ட மருத்துவர் மால்கம் வாட்சன், சதுப்பு நீரை வடிக்கவும் புதர்களை அகற்றவும் வழிவகுத்தார். காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது. ஆயினும் மலைப்பாங்கான தோட்டங்களில் காட்டை வெட்டியபோது மலேரியா பெருகிற்று! நிழல் நீங்கி வெயில் பட்ட ஓடைகளில் வேறோர் இனக் கொசு பெருகியதே காரணம். ஒரே மருந்து எல்லா உடலுக்கும் ஒவ்வாதது போல, ஒரே முறை எல்லா நிலத்திற்கும் ஒவ்வாது.

இன்று நம்மை அச்சுறுத்துவது டிங்கிக் காய்ச்சல். அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தேங்கிய தெளிந்த நீரில் முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் போதும். ஆகவே பால் எடுக்காத நாள்களில் மங்குகளைக் கவிழ்த்து வைப்போம். வாளி, பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை ஆகியவற்றில் நிற்கும் நீரை வாரந்தோறும் கொட்டுவோம்.

காய்ச்சல் கண்டால் கஷாயத்தை மட்டும் நம்பியிராமல் உடனே மருத்துவரிடம் செல்வோம். ஆஸ்பிரின் மாத்திரை கூடாது. காய்ச்சல் தணியும் நாளே ஆபத்து மிகுந்த நாளாகவும் இருக்கலாம். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் குருதிக் கசிவு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

அடுத்த வீட்டு வாளியில் பிறக்கும் கொசுவுக்கு வேலி இல்லை. ஊர் நலம் காப்போம். உடல் நலம் பெறுவோம்.