அப்பா வீட்டு ஷட்டர் டி.வி. உன் கூடத்துக்கு வரும்போது

பாகம் பிரிக்கும்போது யாரும் கேட்காமல் மூலையில் நின்ற, மரப்பெட்டியில் இழுத்து மூடும் ஷட்டர் வைத்த டி.வி. உன் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறதா, தங்கச்சி? நல்லதாகப் போயிற்று. சாலிடேரோ டயனோராவோ, இரண்டும் நம் மெட்ராஸ் கம்பெனிகள். 1975 ஆகஸ்ட் 15-ல் மெட்ராஸ் தூர்தர்ஷன் தொடங்கின பிறகு, தெருவே வந்து உட்கார்ந்து பார்த்த பெட்டிகள் இவை. இதை என்ன செய்வதானாலும் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள். நாளைக்குக் கழற்றிப் பழையபடி மாட்ட முடிய வேண்டும். ரம்பம் வைத்துவிட்டால் போச்சு.

வந்த அன்றைக்கே பிளக்கைச் செருகிப் பார்க்காதே. வருஷக்கணக்கில் சும்மா கிடந்த செட்டில் கண்டென்சர்கள் காய்ந்திருக்கும்; வெடிக்கலாம், புகையலாம். பழைய செட் பார்த்துப் பழகின மெக்கானிக்கை வரச்சொல். சீரிஸ் பல்பு போட்டுச் சோதிக்கிறவரென்றால் நம்பி விடலாம். பின்மூடியை நீ திறக்கவே வேண்டாம். பிக்சர் டியூபில் 10,000 வோல்ட்டுக்கு மேல் ஏறும். சுவிட்சை அணைத்த பிறகும் அது தங்கியிருக்கும். டியூபுக்குள் காற்றே கிடையாது, கழுத்தில் அடிபட்டால் கண்ணாடி சிதறலாம்.

செட் உயிரோடு இருந்தால் அப்படியே ஓட்டலாம். மாடி ஆன்டெனாவில் வந்த அந்தக்கால ஒளிபரப்பைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டார்கள். அதனால் செட்டாப் பாக்ஸுக்கும் டி.வி.க்கும் நடுவில் ஆர்.எஃப். மாடுலேட்டர் ஒன்று வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் விசாரித்துப் பார். அதன் ஒயர் ஆன்டெனா முனையில் மட்டும்தான் போக வேண்டும். சில பழைய செட்டுகளில் சேஸிஸிலேயே மெயின்ஸ் கரண்ட் இருக்கும். உள்ளே எங்கேயாவது ஆடியோ, வீடியோ ஒயரைப் பற்றவைத்தால் ஷாக்தான்.

டியூப் போய்விட்டதென்றால், அதன் இடத்தில் புதுத் திரை வைக்க அளவுக் கணக்கு பார்க்க வேண்டும். 20 இஞ்ச் டியூபின் படம் 16 இஞ்ச் அகலம், 12 இஞ்ச் உயரம். இப்போதைய 24 இஞ்ச் எல்.இ.டி. உயரத்தில் கிட்டத்தட்ட அதே 12, அகலத்தில் 21. கூடுதலான அந்த 5 இஞ்சுக்காகத்தான் ஆசாரி திருகு குமிழும் ஸ்பீக்கர் ஜாலியும் இருக்கிற பக்கத்தை அறுக்கலாம் என்பார். விடாதே. ஏறக்குறைய சதுரமான பழைய 19 இஞ்ச் கம்ப்யூட்டர் மானிட்டர் செகண்ட் ஹேண்டில் கிடைக்கும்: 15-க்கு 12. டியூப் இருந்த ஓட்டைக்குப் பின்னால் அடக்கமாக உட்கார்ந்துகொள்ளும், குமிழும் தப்பிக்கும். கறுப்பு வெள்ளைப் படங்களின் அகல உயர விகிதமும் ஏறக்குறைய இதுதான். அம்மாவுக்கு அதில் பழைய படம் போட்டுக் காட்டு, முகம் மலர்ந்துவிடும். பின்மூடியின் காற்றுத் துளைகளை மட்டும் அடைத்துவிடாதே.

மெக்கானிக் கழற்றின டியூபைக் காயலான் கடைக்குப் போடாதே. செம்புக் கம்பிக்காக அங்கே அதை உடைப்பார்கள். அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. அரசிடம் பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சிக்காரரிடம் கொடு. குமிழ், ஸ்க்ரூ, பெயர்த்தகடு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுப் பெட்டிக்குள்ளேயே கட்டி வை. இழுப்பறை இருந்தால் துழாவிப் பார். போஸ்ட் ஆபீஸில் பணம் கட்டின டி.வி. லைசென்ஸ் புத்தகம் கிடைத்தாலும் கிடைக்கும்.

இனி மரம். பார்த்தால் முழுத் தேக்கு என்று தோன்றும். பெரும்பாலும் பிளைவுட் மேல் ஒட்டின மெல்லிய தேக்கு வினீர்தான். மெஷின் போட்டுத் தேய்த்தால் ஒரே நிமிஷத்தில் அடிப்பலகை தெரிந்துவிடும். முதலில் சோப்புத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் துடை. பிறகு கண்ணில் படாத மூலையில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டுப் பார். பாலிஷ் பிசுபிசுத்தால் அது அவலரக்கு. அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப்பொட்டலத்தால் மெல்லிசாகத் தேய்த்தாலே பழைய நிறம் எழும்பிவரும். வெள்ளைப் பெயின்ட் அடித்து "மாடர்ன்" ஆக்குகிற வேலை வேண்டவே வேண்டாம். அந்த மரத்தின் ரேகை பெயின்டுக்கு அடியில் போய்விட்டால் திரும்ப வராது.

ஊசித் துளையும் கீழே மாவும் தெரிந்தால் வண்டு. துளைக்குள் சிரிஞ்சால் மரப்பூச்சி மருந்து செலுத்தி, ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டு அடை.

ஷட்டர்தான் இதன் அழகே, அதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். மரப்பட்டைகளைப் பின்னால் கித்தானில் வரிசையாக ஒட்டியிருப்பார்கள். இழுக்கும்போது சிக்கினால் எண்ணெய் விடாதே, தூசி ஒட்டிப் பசையாகிவிடும். காடியைப் பழைய டூத்பிரஷ்ஷால் சுத்தம் செய்து மெழுகுவத்தியால் தேய். கித்தான் கிழிந்திருந்தால் பட்டைகளுக்குப் பின்பக்கம் பென்சிலால் எண் போட்டு உரித்தெடு. சமதளத்தில் கவிழ்த்து நெருக்கமாக அடுக்கி, இரண்டு பக்கமும் ஒவ்வொரு கட்டையால் அணைத்து, புதுப் பருத்திக் கித்தானில் ஃபெவிகால் தடவி ஒட்டு. பசை இடுக்கில் இறங்கினால் ஷட்டர் வளையாது. அதனால் குறைவாகவே தடவு. ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, மெக்கானிக்கைக் கொண்டு பின்மூடியைத் திறக்கச்செய்து, பின்பக்கமிருந்து காடியில் ஏற்று.