குத்துவாட்பிடியில் விளங்கும் உருவங்கள்

மாணாக்கன் ஓர் உருவத்தைச் சுட்டி, "ஐயா, இவர் யார்?" என்று வினாவும்போது ஆசிரியர் கூறும் ஒரு சொல் அவன் உள்ளத்தில் ஆயுட்காலம் முழுதும் நிற்கும். ஆதலின் அச்சொல்லை ஆராய்ந்து கூறுதல் ஆசிரியர் கடனாம். அக்கடனில் யான் வழுவிய ஒரு செய்தியை முதற்கண் கூறி, அதனைத் திருத்தும் வகையை ஈண்டு ஒரு பாடமாக எழுதுகின்றேன்.

1765ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைச் சூறையாடியபோது கவர்ந்துசென்ற பொருள்களுள் ஆறனை 2023ஆம் ஆண்டில் நெதர்லாந்து அரசினர் இலங்கைக்கு மீளக் கொடுத்தனர். பீரங்கி ஒன்று, சுவர்த்துப்பாக்கி இரண்டு, பொன்வாள் ஒன்று, வெள்ளிவாள் ஒன்று, கத்தி ஒன்று என்பன அவை. அத்தீர்மானத்தின்படியே பாலித்தீவின் குளுங்குங் அரசர்க்குரிய கிறிஸ் என்னும் குத்துவாள் ஒன்றும் வேறு பல பொருள்களும் இந்தோனேசியாவுக்கு மீண்டன. கலேவெலவில் என்னிடம் பயிலும் சிறுவன் ஒருவன் இச்செய்தியைக் கேட்டு, கண்டிக் கத்தி ஒன்றின் படத்தையும் பாலித்தீவுக் குத்துவாட்பிடி ஒன்றின் படத்தையும் தேடிக் கொணர்ந்தான். பிடியிலே பிதுங்கிய கண்ணும் வெளித்தோன்றிய பல்லும் உடைய ஓர் உருவம் இருந்தது. "ஐயா, இது பேயா?" என்றான்.

"ஆம்" என்னும் விடையே என் நாவில் எழுந்தது. காரணம் யாதெனின், யான் இளமையிற் பயின்ற மிஷன் பாடசாலையில் இத்தகைய படமொன்றைக் கண்டபோது எம்முடைய ஆசிரியர் அவ்வாறே கூறினார். யாமும் அவ்வாறே எழுதிப் புள்ளி பெற்றோம். அவர் நல்லவர், எமக்கு ஆங்கிலமும் கணிதமும் செவ்வனே கற்பித்தவர். அவர் பல்லைக் கண்டார்; பெயரைக் கேட்டாரில்லை. அவர் சொல்லையே யானும் பல ஆண்டு என் மாணாக்கர்க்குச் சொல்லிவந்தேன். என் குற்றம் அவர் குற்றத்தினும் பெரிது. என்னை? சிவாலய வாயிலில் நிற்கும் துவாரபாலகர்க்குக் கோரைப்பல் உண்டு. வயிரவர்க்கும் நரசிங்கருக்கும் உண்டு. இதனை நாடோறும் கண்டு வணங்கும் யான், கடல் கடந்த ஓர் உருவத்திற் கண்டமாத்திரத்தே மருண்டேன். அன்றியும், பேய் என்னும் சொல்தானும் சைவர்க்கு வசைச்சொல்லன்று. காரைக்காலம்மையார் வேண்டிப் பெற்ற வடிவம் பேய்வடிவமன்றோ?

இனிப் பாடத்திற் புகுவோம்.

முதலாவது, நம் நாட்டுப் பிடிகள். கண்டியரசு 1815இல் முடிவெய்தியது. அவ்வரசர் காலத்துப் பட்டல் ஹத்தர எனப்பட்ட நான்கு அரச தொழிற்சாலைகளின் கம்மியர் பிஹா கெத்த என்னும் கத்திகளைச் செய்தனர். அவற்றின் பிடிகள் தந்தம், கொம்பு, வெள்ளி, பித்தளை முதலியவற்றால் ஆயவை. ஏட்டில் எழுதும் எழுத்தாணியும் கத்தியோடு ஒரே உறையிற் செருகப்படுவதுண்டு. பெரும்பாலான பிடிகளிற் கொடியும் இலையுமே காணப்படும். சிலவற்றில் விலங்கின் தலை தோன்றும். கஸ்தானே என்பது பிரதானிகள் தம் பதவிக்கு அடையாளமாக அணிந்த சிறு வளைவாள். அதன் பிடித்தலையிற் பெரும்பாலும் சிங்கமுகம் அமையும். கைகாக்கும் வளைவின் நுனிகளில் வேறு சிறு முகங்கள் அமையும். அவற்றைச் சிங்களக் கம்மியர் செரபெந்தியா என்பர். இலங்கைத் தேசியக்கொடியிற் சிங்கம் ஏந்திய வாளும் கஸ்தானேயேயாம்.

இவற்றை ஐரோப்பியர் பலர் வேறுபாடின்றி நெருப்புமிழும் பறவைநாகம் என எழுதினர். நம்மவர் சிலர் எல்லாவற்றையும் யாளி என்பர். இரண்டும் பொருந்தா. மகரத்துக்கு மேனோக்கிச் சுருண்ட துதிக்கையும், முதலையின் வாயும், மீனின் உடலும், விரிந்த வாலும் உண்டு. சிங்கத்துக்குப் பிடரிமயிர் உண்டு, துதிக்கை இல்லை. யாளிக்குச் சிங்கத்தின் உடலோடு யானையின் துதிக்கையும் கூடிவரும். மகரத்தைக் காட்ட ஆசிரியர் நெடுந்தூரம் செல்லவேண்டா. நம் கோயில்களில் மூர்த்தியைச் சூழ்ந்த திருவாசி இருபுறத்தும் மகரவாயினின்றே எழும். கலேவெலவுக்கு அயலிலுள்ள தம்புள்ளைக் குகைக்கோயிலிலும் மகரதோரணத்தைக் காணலாம். தமிழராகிய சேர் முத்து குமாரசுவாமியின் மைந்தர் ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில், இவ்வுருவங்களுக்குக் கம்மியர் வழங்கும் பெயர்களையே கொண்டு எழுதினார். செய்தவனிடம் பெயரைக் கேட்கும் அம்முறையே நாமும் கைக்கொள்ளற்பாலது.

இரண்டாவது, பாலித்தீவுப் பிடிகள். இலங்கைப் பிடிகளில் விலங்கு சிறந்து நிற்ப, பாலித்தீவுப் பிடிகளில் தேவரும் அரக்கரும் வீரரும் முழு உருவாய் அமர்ந்திருப்பர். அத்தீவினரிற் பெரும்பாலோர் இந்துக்கள். சிவனை முதல்வராகக் கொண்டு வழிபடும் குருமார் அங்கு உளர். 210 நாளுக்கு ஒருமுறை வரும் தும்பெக் லண்டெப் என்னும் நன்னாளில் கிறிஸ் முதலிய உலோகக் கருவிகளுக்குப் பூசை செய்து, பசுபதி என்னும் திருநாமத்தால் இறைவனைப் போற்றுவர். நமது ஆயுதபூசையோடு இதனை ஒப்புநோக்கி மாணாக்கர்க்குக் கூறலாம்.

அப்பிடிகள் மரத்தாலும் தந்தத்தாலும் பொன்னாலும் ஆயவை. மணிகள் பதித்தனவும் உள. உருவப்பிடியைத் தொகொகன் என்பர். பிதுங்கிய கண்ணும் கோரைப்பல்லும் உடைய அரக்கர் பெரும்பாலும் காவலராவர். அத்தீவின் கோயில் வாயில்களிலும் அவர் நிற்பர். தீயதை அஞ்சுவித்துத் துரத்துதல் அவர் தொழில். துதிக்கையாற் பிள்ளையாரையும், குரங்குமுகத்தாலும் வாலாலும் அனுமாரையும் எளிதில் அறியலாம்.

அறிதற்கு அரியவர் வாயுவும் வீமனும் ஆவர். நம் சிற்பநூல் முறைப்படி வாயுதேவர்க்கு மான் வாகனமும் கையிற் கொடியும் உண்டு. அவற்றைப் பாலித்தீவுப் பிடியிலே தேடினால் ஏமாறுவோம். ஆண்டுள்ள பொற்பிடிகளில், அமிர்தகலசம் ஏந்தி அமர்ந்த தேவ உருவம் வாயு என்று பெரிதும் கொள்ளப்படும். வாயுவின் மைந்தராகிய வீமனுக்கும் அனுமாருக்கும் சாவகத்திலும் பாலியிலும் குல அடையாளங்கள் இரண்டு உள: ஒன்று, பஞ்சநகம் எனப்படும் நீண்ட பெருவிரல் நகம், மற்றொன்று, கருமையும் வெண்மையும் கட்டங்கட்டமாய் அமைந்த ஆடை. இவ்விரண்டும் இருந்து குரங்குமுகம் இல்லையாயின் வீமன் எனக் கொள்ளலாம். ஆயினும் அமிர்தம் வீமன் கதையோடும் தொடர்புடையது. தந்தை பாண்டுவின் உயிரை நரகினின்று மீட்டு, அமிர்தம் நாடி அவன் வானுலகு சென்ற கதை குளுங்குங் நகரின் கெர்த்தா கோசா மண்டப விதானத்தில் ஓவியமாகத் தீட்டப்பட்டுள்ளது. ஆகவே கலசம் ஒன்றை மாத்திரம் கண்டு வாயு என்றல் கூடாது. நகத்தையும் ஆடையையும் நோக்கியபின்னரே துணிதல் வேண்டும்.

மூன்றாவது, துணியும் முறை. தலையும் முகமும், கையிலுள்ள பொருள், ஆடையும் அணியும், இருக்கும் நிலை என்னும் நான்கினையும் இவ்வொழுங்கில் நோக்குக. அவற்றுள் இரண்டேனும் ஒத்துவந்தாலன்றிப் பெயர் கூறற்க. ஓர் அடையாளம் போதாமைக்கு நம் மாத்தளை மாவட்டத்திலேயே சான்றுண்டு. மகாவலித் திட்டத்தின்கீழ் எழுந்த நீர்த்தேக்கத்தின் பொருட்டுப் பெயர்க்கப்பட்டு, 1980 அளவில் மேட்டில் மீளக் கட்டப்பட்ட நாலந்தா கெடிகேயின் சிகரத்தில், தென்புறத்தே குபேரன் உருவம் உண்டு. வயிற்றை மாத்திரம் கண்டவர் பிள்ளையார் என்பர். துதிக்கை இன்மையைக் கண்டவர் அவ்வாறு கூறார். திசையை மாத்திரம் கொண்டு துணிவாரும் தவறுவர். வடதிசைக்குரிய குபேரன் ஆண்டுத் தென்புறத்தன்றோ உளன்?

இத்துறையில் விலக்கத்தக்க குற்றம் இரண்டு. அயலார் தெய்வத்தைப் பேயெனல் ஒன்று. இது யான் கற்ற குற்றம். கண்டதையெல்லாம் ஆராயாது சிவனென்றும் காளியென்றும் நமதாக்கிக்கொள்ளல் மற்றொன்று. இது நம்மவரிற் பலர்க்கு உரியது. முன்னது இகழ்ச்சியாற் பிறப்பது. பின்னது பற்றினாற் பிறப்பது. இரண்டும் அவ்வுருவைச் செதுக்கியவன் சொல்லைக் கேளாமையால் விளைவன. பெயர் துணியமுடியாவிடத்து, "காவல் உருவம்; பெயர் துணியப்படவில்லை" என்று எழுதுதல் ஆசிரியர்க்கு இழுக்கன்று.

அச்சிறுவன் கொணர்ந்த படத்திற் கலசமும் இல்லை, நீண்ட நகமும் இல்லை, கட்ட ஆடையும் இல்லை. "தம்பி, இது பேயன்று, நம் கோயில் வாயிலிலே தடியோடு நிற்பவரைப் போன்ற காவலர். இதற்குமேற் சொல்ல இப்படத்தில் அடையாளம் இல்லை" என்றேன். அவன் அவ்வாறே தன் கொப்பியில் எழுதிக்கொண்டான். முன்னர் என்னிடம் பயின்று அப்பிழையான சொல்லை எழுதிச் சென்றவருட் சிலர் இன்று ஆசிரியராய் உளர். இக்கட்டுரை அவர்க்கும் உரியது. தம் மாணாக்கர்க்கு அவர் அதனைத் திருத்திக் கூறுவாராக.

பயிற்சி வினாக்கள்

1. மகரம், சிங்கம், யாளி என்பவற்றின் வேறுபாடுகளை நிரல்படுத்துக.
2. உன் ஊர்க் கோயிற் றிருவாசியிலுள்ள மகரத்தை வரைந்து உறுப்புக்களைக் குறிக்க.
3. வீமனுக்கும் அனுமாருக்கும் பொதுவாகிய அடையாளங்கள் யாவை? சிறப்பாகிய அடையாளங்கள் யாவை?
4. கோரைப்பல் உடைய உருவமெல்லாம் தீயன அல்ல என்பதற்கு நம் கோயிலினின்று சான்று தருக.