தனக்கென அமைந்த ஆற்றல்

கொற்கைத் துறையின் காலந்தொட்டு முத்துக்குப் புகழ்பெற்றது நம் தூத்துக்குடிக் கடற்பரப்பு. முற்காலத்தில் முத்துக்குளிப்போர் மூச்சை அடக்கி, கனமான கல்லின் துணையால் கடலடியிலுள்ள முத்துப்பாருக்கு இறங்குவர். ஏறத்தாழ ஒரு நிமிட நேரத்திற்குள் சிப்பிகளைச் சேர்த்துக்கொண்டு கயிற்றை அசைப்பர். படகில் கயிறு பிடித்து நிற்பவர் அக்கணமே இழுத்து மேலேற்ற வேண்டும்.

ஒருவருக்கு மூச்சடக்கும் வல்லமை. மற்றவருக்குத் தளராத கவனம். ஊர் பேசுவது முத்தெடுத்தவரையே. ஆயினும் கயிறு பிடித்தவரின் கவனம் தவறினால் முத்தும் இல்லை, முத்தெடுத்தவரும் இல்லை.

நம்மில் பலர், "எனக்கென்று என்ன திறமை இருக்கிறது?" என ஏங்குகிறோம். இதற்கு இரு மயக்கங்களே காரணம். நமக்கு எளிதாக வருவதை நாம் ஆற்றலாகக் கருதுவதில்லை. இது முதல் மயக்கம். செய்யும் தொழிலையே ஆற்றலென எண்ணி, தொழில் போனால் அனைத்தும் போயிற்று எனக் கலங்குகிறோம். இது இரண்டாவது மயக்கம். இதனை நீக்க நம் மாவட்டத்திலேயே சான்று உண்டு.

1872-ஆம் ஆண்டு ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சிதம்பரம் பிள்ளை, தூத்துக்குடியில் வழக்கறிஞராக விளங்கியவர். 1906-இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தை நிறுவி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் செலுத்தினார். 1908-இல் ஆங்கில அரசு அவரைச் சிறையிலிட்டது. கோவைச் சிறையில் அவர் செக்கிழுத்தார். நிறுவனம் கலைந்தது, வழக்கறிஞர் உரிமமும் பறிபோயிற்று.

தொழிலைப் பறித்தவர்களால் அவருள் இருந்த தமிழைப் பறிக்க இயலவில்லை. சிறையிலிருந்தபடியே ஆங்கில அறிஞர் ஜேம்ஸ் ஆலனின் நூலை 'மனம்போல வாழ்வு' எனத் தமிழாக்கினார், 'மெய்யறம்' இயற்றினார். 1912-இன் இறுதியில் விடுதலை பெற்ற பின், திருக்குறள் அறத்துப்பாலை மணக்குடவர் உரையுடன் 1917-இல் பதிப்பித்தார். சைவ சித்தாந்தத் தலைமை நூலாகிய சிவஞான போதத்திற்கு அவர் எழுதிய உரை 1935-இல் வெளிவந்தது. மறு ஆண்டு தூத்துக்குடியில் மறைந்தார்.

இந்நூல்கள் அவருடைய வறுமையைத் தீர்க்கவில்லை. ஆதலால் அவ்வாற்றல் வீண் எனக் கூற இயலுமா? ஆற்றலின் மதிப்பு, அது ஈட்டும் பொருளிலும் இல்லை. பெறும் புகழிலும் இல்லை. பிறர்க்குப் பயன்படும் தன்மையிலேயே உள்ளது.

நம் ஆற்றலை நாம் அறிவது எவ்வாறு? மூன்று வினாக்களை நம்மையே கேட்டுக்கொள்வோம்.

1. எச்செயலில் ஈடுபடும்போது காலம் கழிவதை மறக்கிறேன்?
2. எவ்வுதவியை நாடிப் பிறர் என்னிடம் மீண்டும் மீண்டும் வருகின்றனர்?
3. நான் செய்யாதுவிட்டால் இல்லத்தில் எப்பணி தடைபடும்?

நோயாளியின் அருகே பொறுமையுடன் அமர்தல், கணக்கைப் பிழையின்றி எழுதுதல், சினந்தவரை அமைதிப்படுத்துதல் ஆகிய யாவும் ஆற்றல்களே. பெற்றோர் தம் மக்களை அயல்வீட்டுப் பிள்ளையுடன் ஒப்பிடுவதை விடுத்து, இவற்றை அவர்களிடம் கண்டு ஒரு சொல்லேனும் பாராட்ட வேண்டும்.

இறைவன் எவரையும் வெறுங்கையுடன் அனுப்பவில்லை. நம் கையிலுள்ள கயிறு எது என அறிந்து, அதனை உறுதியாகப் பற்றுவோம். அதன் மறுமுனையில் ஓர் உயிர் நம்மை நம்பியிருக்கக்கூடும்.